இலையுதிர்காலமும் 40 மணித்தியாலத் தொண்டும்: ஒன்ராறியோ உயர்நிலைப் பாடசாலைப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ், பிராம்ப்டன் போன்ற ரொறன்ரோப் பெரும்பாகத்து ஊர்களில் ஓர் உயர்நிலைப் பாடசாலை வகுப்பறைக்குள் நுழைந்தால், தமிழ்ப் பிள்ளைக்கு அருகில் சீன, பிலிப்பினோ, கரிபியன், ஆப்கான், சோமாலியக் குடும்பங்களின் பிள்ளைகள் அமர்ந்திருப்பதைக் காணலாம். செப்டெம்பர் மாதத் தொழிலாளர் தினத்துக்கு மறுநாள் தொடங்கும் பாடசாலை ஆண்டின் முதல் நான்கு மாதங்களில்தான் இந்தப் பிள்ளைகள் ஒருவரையொருவர் அறிந்துகொள்கிறார்கள். மன்றங்களும் அணிகளும் அமைவதும், பெற்றோருக்குப் பாடசாலையின் கதவு அகலத் திறப்பதும் அந்த மாதங்களில்தான். தரம் 9இல் பிள்ளையைச் சேர்த்திருப்போரும், அண்மையில் கனடாவுக்கு வந்து பிள்ளையை இடைநடுவில் சேர்த்திருப்போரும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது.

சமூகத் தொண்டு 40 மணித்தியாலம் கட்டாயம் என்கிறார்களே, அது என்ன?

ஒன்ராறியோ உயர்நிலைப் பாடசாலை டிப்ளோமாவைப் பெறுவதற்குப் பாடங்களில் சித்தியடைவது மட்டும் போதாது. ஒவ்வொரு மாணவரும் குறைந்தது 40 மணித்தியாலம் ஊதியமின்றிச் சமூகப் பணி செய்திருக்க வேண்டும் என்பது மாகாணக் கல்வி அமைச்சின் நிபந்தனை. பெருந்தொற்றுக் காலத்தில் இது தற்காலிகமாக 20 மணித்தியாலமாகக் குறைக்கப்பட்டது. பின்னர் மீண்டும் 40 ஆயிற்று. தரம் 9 தொடங்குவதற்கு முந்திய கோடை விடுமுறையிலேயே மணித்தியாலங்களைச் சேர்க்கத் தொடங்கலாம்.

நான்கு ஆண்டுகளுக்குப் பகிர்ந்தால் ஆண்டொன்றுக்குப் பத்து மணித்தியாலம்தான். ஆயினும் தரம் 12இன் கடைசி மாதங்களில், பரீட்சைகளுக்கும் பட்டமளிப்புக்கும் நடுவே, கையொப்பம் தேடி அலையும் பிள்ளைகள் எல்லாப் பாடசாலைகளிலும் இருக்கிறார்கள். இந்த நிபந்தனையைக் கடைசி நேரத்தில் தாண்டவேண்டிய தடையாகக் கருதுவதே அதற்குக் காரணம். தரம் 9இன் இலையுதிர்காலத்திலேயே ஓரிடத்தில் சேர்ந்து, வாரம் ஒரு மணித்தியாலமென்று தொடர்ந்து செல்லும் பிள்ளைக்கு, டிப்ளோமாவில் எழுத முடியாத பல நன்மைகள் கிடைக்கின்றன: வீட்டாரும் ஆசிரியரும் அல்லாத பெரியவர்களோடு பேசும் பழக்கம், சொன்ன நேரத்துக்குப் போய் நிற்கும் பழக்கம், பின்னாளில் அவரைப் பற்றி நாலு வார்த்தை எழுதித் தரக்கூடிய ஒருவரின் அறிமுகம்.

எந்தப் பணிகள் கணக்கில் சேரும், எவை சேரா?

பாடசாலைகளை நிர்வகிக்கும் ஒவ்வொரு கல்விச் சபையும் தகுதியுள்ள பணிகளின் பட்டியல் ஒன்றை வெளியிட்டுள்ளது. தகுதியற்றவை எவை என்பதை அமைச்சே வரையறுத்திருக்கிறது. பட்டியலில் இல்லாத ஒரு பணியைச் செய்ய விரும்பினால், தொடங்குவதற்கு முன் அதிபரின் எழுத்து மூலமான அனுமதியைப் பெற வேண்டும். செய்து முடித்த பின் கேட்டால் மறுக்கப்படக்கூடும் என்பதால் “முன்” என்பதை மனத்தில் இருத்துங்கள்.

பொதுவாக இலாப நோக்கற்ற அமைப்புகளில் செய்யும் பணிகள் சேரும். உணவு வங்கியில் பொருட்களைத் தரம் பிரிப்பது, முதியோர் இல்லத்தில் உதவுவது, நூலகத்தில் சிறு பிள்ளைகளோடு சேர்ந்து வாசிப்பது, பூங்காக்களைத் துப்புரவாக்குவது, அயலில் உள்ள முதியவரின் முற்றத்தில் இலைகளை வாரிக் கொடுப்பது போன்றவை வழக்கமான எடுத்துக்காட்டுகள். பாடசாலைக்கு உள்ளேயும் வாய்ப்புகள் உண்டு. தரம் 8 மாணவரின் குடும்பங்களுக்காக நடத்தப்படும் அறிமுக மாலைகளில் வழிகாட்டியாக நிற்பதும், மதிய இடைவேளையில் கீழ்வகுப்பு மாணவருக்குக் கணிதத்தில் உதவுவதும் அவ்வாறானவை. பாடம் நடக்கும் நேரத்தில் செய்வது சேராது. மதிய இடைவேளையிலும் பாடமில்லாத நேரத்திலும் செய்வது சேரும்.

எங்கள் குடும்பங்களில் அடிக்கடி குழப்பம் தருவன இரண்டு. மாமாவின் பலசரக்குக் கடையிலோ அப்பாவின் அலுவலகத்திலோ சம்பளம் வாங்காமல் வேலை செய்தால் அது தொண்டாகாது. சம்பளம் கொடுத்து ஒருவரைக் கொண்டு செய்விக்கும் வேலையை மாணவர் இலவசமாகச் செய்வதை விதி ஏற்பதில்லை. அவ்வாறே, சொந்த வீட்டில் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்வதும் அம்மம்மாவுக்குத் துணையாக இருப்பதும் எவ்வளவு அருமையான செயல்களாயினும் வீட்டுக் கடமைகளாகவே கொள்ளப்படுகின்றன. இவை தவிர, நீதிமன்றம் விதித்த சேவை, பிறருக்கு மருந்து கொடுப்பது, வாகனம் ஓட்டுவது அல்லது ஆபத்தான இயந்திரக் கருவிகளைக் கையாள்வது ஆகியனவும் சேரா. தொழிற்சாலை, சுரங்கம் போன்ற இடங்களுக்கு வயதெல்லையும் உண்டு.

கோயிலிலும் தமிழ்ப் பள்ளியிலும் செய்யும் பணியைக் காட்டலாமா?

வழிபாட்டில் கலந்துகொள்வது தொண்டாகாது. அன்னதானத்தில் பரிமாறுவது, மண்டபத்தைத் துப்புரவாக்குவது, முதியோருக்குச் சக்கர நாற்காலியில் உதவுவது போன்ற, பிறருக்குப் பயன்படும் வேலைகளைக் காட்டலாம். ஆனால் உங்கள் கல்விச் சபையின் பட்டியலில் அவை பொருந்துகின்றனவா என்பதை வழிகாட்டல் ஆலோசகரிடம் முன்கூட்டியே கேட்டு உறுதி செய்யுங்கள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புகளில் ஆசிரியருக்கு உதவியாளராக இருப்பதற்கும் இதுவே வழி. தமிழ் பேசத் தெரிந்த பதினைந்து வயதுப் பிள்ளை ஆறு வயதுப் பிள்ளைக்கு “அ” எழுதக் கைபிடித்துக் கொடுக்கும்போது இருவருக்கும் மொழி வளர்கிறது என்பதால், தகுதியுள்ள இடமொன்று கிடைத்தால் இதனை நான் முதலாவதாகப் பரிந்துரைப்பேன்.

எங்கள் மகள் இவ்வாண்டுதான் இலங்கையிலிருந்து வந்து தரம் 11இல் சேர்ந்தாள். அவளும் 40 மணித்தியாலம் செய்ய வேண்டுமா?

ஒன்ராறியோவுக்கு வெளியே உயர்நிலைக் கல்வியின் ஓராண்டையோ அதற்கு மேலோ முடித்துவிட்டு வரும் மாணவர் எத்தனை மணித்தியாலம் செய்ய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பு அதிபருடையது. முழு நாற்பதும் தேவைப்படாமல் போகலாம். சேரும்போதே இதனைக் கேட்டு, தீர்மானத்தை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

எண்ணிக்கை குறைக்கப்பட்டாலும், புதிதாக வந்த பிள்ளை தொண்டுக்குப் போவது நல்லது என்பதே என் உறுதியான கருத்து. ஆங்கிலத்தில் தயங்கித் தயங்கிப் பேசும் பிள்ளைக்கு வகுப்பறையைவிட உணவு வங்கியின் மேசையருகே பேச்சு இலகுவாக வரும். அங்கே புள்ளி போடுவார் இல்லை, கையில் வேலை இருக்கிறது, பேசுவதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. பல பாடசாலைகளில் குடியேற்றப் பணியாளர் ஒருவர் குறிப்பிட்ட நாட்களில் வந்து புதிய குடும்பங்களுக்கு உதவுகிறார். தமிழ் பேசும் பணியாளர் இருக்கிறாரா என்று அலுவலகத்தில் கேளுங்கள்.

இலையுதிர்காலத்தில் தொண்டு செய்ய இடங்களை எங்கே தேடுவது?

ஒக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமை வரும் நன்றியறிதல் நாளை ஒட்டி உணவு வங்கிகள் பெரும் சேகரிப்பு இயக்கங்களை நடத்துகின்றன. 1983இல் ரொறன்ரோவில் தொடங்கப்பட்ட டெய்லி பிரெட் உணவு வங்கியும் அவற்றுள் ஒன்று. பாடசாலைகளும் அக்காலத்தில் தகரத்தில் அடைத்த உணவுகளைச் சேகரிக்கின்றன. சில மாணவர் மன்றங்கள் ஹலோவீன் இரவில் இனிப்புக்குப் பதிலாக உணவுப் பொருட்களைக் கேட்டு வீடு வீடாகச் செல்கின்றன.

ஸ்காபரோ, மார்க்கம், பிக்கரிங் எல்லைகளில் பரந்திருக்கும் ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்கா, 2015இல் நிறுவப்பட்டது; கனடாவின் முதலாவது தேசிய நகர்ப்புறப் பூங்கா அதுவே. நிலம் உறையுமுன் அங்கும் ஏனைய ஆற்றுப் பள்ளத்தாக்குகளிலும் மரம் நடும் நிகழ்வுகள் நடக்கின்றன. அடுக்குமாடியில் வளரும் பிள்ளை மண்ணைத் தொட்டு வேலை செய்யும் வாய்ப்பு இது. பொது நூலகக் கிளைகளிலும் இளையோருக்கான தொண்டுப் பணிகள் உண்டு. அவற்றுக்கான இடங்கள் செப்டெம்பரிலேயே நிரம்பிவிடுகின்றன.

ரெரி ஃபொக்ஸ் ஓட்டம், செம்மஞ்சள் சட்டை நாள், நினைவு நாள் ஆகியவற்றில் எங்கள் பிள்ளைகள் கலந்துகொள்வது அவசியமா? இவை எங்கள் வரலாறு அல்லவே?

இக்கேள்வியைப் பலர் மெல்லிய குரலில்தான் கேட்கிறார்கள். இதற்கு விரிவாகவே விடை சொல்ல வேண்டும்.

ரெரி ஃபொக்ஸ் பதினெட்டு வயதில் எலும்புப் புற்றுநோயால் வலது காலை இழந்தவர். செயற்கைக் காலோடு கனடாவைக் குறுக்கே ஓடிக் கடந்து புற்றுநோய் ஆய்வுக்கு நிதி திரட்டுவதென்று 1980 ஏப்ரல் 12இல் நியூஃபவுண்ட்லாந்தின் சென் ஜோன்ஸ் நகரிலிருந்து புறப்பட்டார். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மரதன் தூரம் ஓடினார். அவ்வாண்டு ஜூலையில் ஸ்காபரோ நகர மண்டபத்தில் கூடிய மக்கள் முன் பேசினார். பிள்ளைகள் இன்று பேருந்தில் கடந்து போகும் அதே இடந்தான் அது. நோய் நுரையீரலுக்குப் பரவியதால் 143 நாட்களில் 5,373 கிலோமீற்றர் ஓடிய நிலையில், செப்டெம்பர் 1இல் தண்டர் பே அருகே நிறுத்த நேர்ந்தது. 1981 ஜூன் 28இல், 22 வயதில் இறந்தார். அவர் பெயரால் ஆண்டுதோறும் செப்டெம்பரில் நடக்கும் ஓட்டத்தில் ஓடலாம், நடக்கலாம், நீர்க் குவளை நீட்டும் பணியிலும் நிற்கலாம். புற்றுநோயைக் காணாத குடும்பம் எந்தச் சமூகத்திலும் இல்லை என்பதால், இதனை எவருக்கும் அந்நியமான நிகழ்வென்று சொல்ல இடமில்லை.

செப்டெம்பர் 30 செம்மஞ்சள் சட்டை நாள். பிரிட்டிஷ் கொலம்பியாவைச் சேர்ந்த ஃபிலிஸ் வெப்ஸ்ராட், ஆறு வயதில், 1973இல், பழங்குடிப் பிள்ளைகளுக்கான வதிவிடப் பள்ளிக்கு அனுப்பப்பட்ட முதல் நாளன்று, பாட்டியார் வாங்கித் தந்த செம்மஞ்சள் சட்டை அவரிடமிருந்து பறிக்கப்பட்டது. அந்த நினைவிலிருந்து 2013இல் இந்நாள் பிறந்தது. 2021 முதல் அதே நாள் உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான தேசிய நாளாகவும் அமைந்திருக்கிறது. ஆயினும் ஒன்ராறியோவில் அது மாகாணப் பொது விடுமுறை அன்று, பாடசாலை நடக்கும். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஏறத்தாழ 1,50,000 பழங்குடிப் பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு, தாய்மொழி பேசியதற்காகத் தண்டிக்கப்பட்ட அப்பள்ளிகளின் வரலாற்றை, மொழிக்காகவும் மண்ணுக்காகவும் துயருற்றுப் புலம்பெயர்ந்த ஒரு சமூகத்தின் பிள்ளைகள் அறியாமல் இருப்பது தகாது. நாம் வீடு வாங்கியிருக்கும் நிலம் யாருடையதாக இருந்தது என்பதையும் அவர்கள் அறிய வேண்டும். நவம்பர் முதல் வாரத்தில் ஒன்ராறியோ பாடசாலைகள் கடைப்பிடிக்கும், பழங்குடியினரோடு செய்யப்பட்ட உடன்படிக்கைகளை அறியும் வாரம் இதன் தொடர்ச்சியே.

நவம்பர் 11, போரில் இறந்த படையினரை நினைவுகூரும் நினைவு நாள். அன்று முற்பகல் 11 மணிக்குப் பாடசாலை முழுவதும் இரண்டு நிமிடம் மௌனம் காக்கும். சிவப்புப் பொப்பி மலரை இடப்பக்க மார்பில் அணிவார்கள். அம்மலரைப் போர்நினைவோடு இணைத்த 1915ஆம் ஆண்டுக் கவிதையை எழுதிய படைமருத்துவர் ஜோன் மக்ரே, ஒன்ராறியோவின் குவெல்ஃப் நகரில் பிறந்தவர். போரை நேரில் கண்ட குடும்பங்களிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு இந்நாள் மனத்தாக்கத்தை ஏற்படுத்தக்கூடும். உங்கள் பிள்ளை அத்தகையவராயின் வகுப்பாசிரியருக்கு முன்பே ஒரு வரி எழுதிவிடுங்கள். அமைதியான வேறோர் இடத்தில் இருக்க ஒழுங்கு செய்வார்கள்.

மகன் தமிழ் மாணவர் சங்கத்தில் மட்டும் சேருவேன் என்கிறான். அது போதுமா?

தமிழ் மாணவர் சங்கத்தில் சேர்வதைத் தடுக்க வேண்டாம். 2014இல் ஒன்ராறியோவும் 2016இல் கனடிய நாடாளுமன்றமும் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றுக்கொண்டன. அதற்கான பறை, நடனம், கண்காட்சி ஆகியவற்றின் ஒத்திகை நவம்பரிலேயே தொடங்குவதால், இலையுதிர்காலமே அச்சங்கங்களுக்குச் சுறுசுறுப்பான பருவம். தன் மொழியைப் பற்றிக் கூச்சமில்லாத பிள்ளையால்தான் பிறர் மொழியையும் மதிக்க முடியும்.

ஆயினும் அதனோடு இன்னொன்றும் இருக்கட்டும். தன் இனத்தாரே இல்லாத ஒரு குழுவில், விவாத அணியோ ரோபோ மன்றமோ மேடை ஒளியமைப்போ எதுவாயினும், ஒரு பருவம் இருந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒக்டோபரில் இஸ்லாமிய மரபுத் திங்களும் நவம்பரில் இந்து மரபுத் திங்களும் வருகின்றன. நண்பனின் மன்றம் நடத்தும் நிகழ்வில் கதிரை அடுக்கக் கைகொடுப்பதும் ஈடுபாடுதான். நானாவித சமூகத்தாரும் ஒரே கூரையின் கீழ் படிப்பதனாலேயே நட்பு தானாக வளர்ந்துவிடுவதில்லை. மதிய உணவு மேசைகளைக் கவனித்தால், அவரவர் கூட்டத்தோடு தனித்தனியே அமர்ந்திருப்பது தெரியும். சேர்ந்து ஒரு வேலையைச் செய்து முடிக்கும் பிள்ளைகளே மேசை மாறி அமர்கிறார்கள்.

இலையுதிர்கால விளையாட்டுகள் எவை?

குறுக்குநாட்டு ஓட்டம், கரப்பந்து, கூடைப்பந்து, உதைபந்து போன்றவற்றில் எவை இப்பருவத்துக்கு உரியவை என்பது கல்விச் சபைக்குச் சபை மாறும். தெரிவுப் பயிற்சிகள் செப்டெம்பரின் முதலிரு வாரங்களிலேயே முடிந்துவிடும். குறுக்குநாட்டு ஓட்டத்தில் பெரும்பாலும் எவரையும் விலக்குவதில்லை. முன்பு விளையாடிப் பழக்கமில்லாத பிள்ளைக்கு அது நல்ல தொடக்கம்.

நவராத்திரி, தீபாவளி நாட்களில் பிள்ளை வராவிட்டால் குறையாகுமா?

ஆகாது. ஒன்ராறியோ மனித உரிமைச் சட்டக்கோவை சமய நம்பிக்கையைப் பாதுகாக்கிறது; அதற்கமையக் கல்விச் சபைகள் சமய நாட்களுக்கு இடமளிக்கின்றன. ஆண்டின் தொடக்கத்திலேயே நாட்களைக் குறித்துப் பெற்றோர் கடிதம் கொடுத்தால், அந்நாளில் தவறிய தேர்வை வேறொரு நாளில் எழுத ஒழுங்கு செய்யப்படும். சைவ உணவு, ஹலால் உணவு குறித்தும் நிகழ்வுக்கு முன்னரே சொல்லிவைப்பது நன்று.

இவற்றால் படிப்புக் கெடாதா? பல்கலைக்கழகத்துக்கு மதிப்பெண்தானே வேண்டும்?

மதிப்பெண்ணே முதன்மை என்பதில் ஐயமில்லை. ஆனால் சில பட்டநெறிகள் மதிப்பெண்ணோடு நிறுத்துவதில்லை. வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் சேர்க்கைத் தகவற் படிவம் போன்றவை மாணவர் வகுப்பறைக்கு வெளியே என்ன செய்தார் என்று கேட்கின்றன. அவ்விடத்தில் பத்து அமைப்புகளின் பெயர்களை அடுக்குவதைவிட, ஓரிடத்தில் இரண்டாண்டு தொடர்ந்து உழைத்ததை விளக்கி எழுதும் மாணவரின் விடையே கனமுள்ளதாக இருக்கும். தரம் 12 மாணவருக்கு ஜனவரி நடுப்பகுதியில் விண்ணப்ப முடிவுநாள் வந்துவிடுவதால், அவ்விடைகள் இலையுதிர்காலத்திலேயே எழுதப்பட வேண்டியவை.

தரம் 9, 10இல் வாரத்துக்கு இரண்டு மாலைகளுக்கு மேல் ஒதுக்க வேண்டாம் என்பது என் ஆலோசனை. முதலாவது முன்னேற்ற அறிக்கை வந்ததும் பிள்ளையோடு அமர்ந்து, எதனைத் தொடர்வது, எதனை விடுவது என்று பேசுங்கள். தனியார் வகுப்புகளால் ஏழு நாட்களும் நிறைந்திருந்தால், குறைக்க வேண்டியது தொண்டுதானா என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

தரம் 9 பிள்ளைகள் பெற்றோரின் வேலையிடத்துக்குச் செல்லும் நாள் எது?

நவம்பரின் முதல் புதன்கிழமை. இத்திட்டம் 1994இல் ஒன்ராறியோவில் தொடங்கியது. உங்கள் வேலையிடத்தில் அனுமதி இல்லையென்றால், உறவினரோ குடும்ப நண்பரோ அழைத்துச் செல்லலாம். தொழிற்சாலையில் இரவு முறை பார்க்கும் தந்தையின் வேலையும், வங்கியில் இருக்கும் அத்தையின் வேலையும் பிள்ளை அறிய வேண்டியவையே. படிவத்தை ஒக்டோபரிலேயே கேட்டு வாங்குங்கள்.

பாடசாலை கேட்கும் செயற்பாட்டுக் கட்டணத்தைக் கட்ட முடியாவிட்டால்?

செயற்பாட்டுக் கட்டணம் விருப்பத்துக்குரியது என்றே மாகாண வழிகாட்டல் கூறுகிறது. பணம் இல்லையென்பதால் பிள்ளை ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. அதிபரிடமோ ஆலோசகரிடமோ தனியாகச் சொன்னால் போதும். காரணத்தை நிரூபிக்கும்படி கேட்கமாட்டார்கள்.

மாலையில் இருட்டிய பின் வீடு திரும்புவது குறித்துக் கவலையாக இருக்கிறது.

நியாயமான கவலை. நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரம் ஒரு மணித்தியாலம் பின்னுக்குப் போனதும், மாலை ஐந்து மணியளவிலேயே சூரியன் மறைந்துவிடும். பயிற்சி முடியும் நேரத்தை எழுத்தில் பெறுங்கள். ஒரே திசையில் செல்லும் பிள்ளைகளைச் சேர்ந்து வரச் சொல்லி, அவர்களின் பெற்றோரோடு தொலைபேசி எண்களைப் பரிமாறிக்கொள்ளுங்கள். இந்த ஏற்பாட்டால் வேறு மொழி பேசும் அயலவர் பலர் உங்களுக்கும் அறிமுகமாவார்கள்.

பெற்றோராகிய நாங்கள் என்ன செய்யலாம்? எங்கள் ஆங்கிலம் அவ்வளவு சரளமில்லை.

செப்டெம்பரில் நடக்கும் பெற்றோர்–ஆசிரியர் அறிமுக மாலைக்குக் கட்டாயம் செல்லுங்கள். அடுத்தது பாடசாலைப் பேரவை. ஒன்ராறியோவின் 612/00 இலக்க ஒழுங்குவிதிப்படி, ஒவ்வொரு அரச பாடசாலையிலும் பெற்றோர் பெரும்பான்மையாக உள்ள பேரவை ஒன்று இயங்க வேண்டும். ஆண்டின் முதல் 30 நாட்களுக்குள் தேர்தல் நடக்க வேண்டும். ஆண்டுக்குக் குறைந்தது நான்கு முறை கூட வேண்டும். கூட்டங்கள் எல்லோருக்கும் திறந்தவை. தலைவர் ஒரு பெற்றோராகவே இருக்க வேண்டும். நடத்தை விதிகள், பாடசாலைத் திட்டம் போன்றவற்றில் பேரவையின் கருத்தைக் கேட்கும் கடமை அதிபருக்கு உண்டு.

தமிழ்ப் பிள்ளைகள் நிறைந்த பாடசாலைகளிலும் அப்பேரவைகளில் தமிழ்ப் பெற்றோரை அரிதாகவே காண முடிகிறது என்பது வருத்தத்துக்குரியது. இரண்டு வேலை பார்க்கும் பெற்றோருக்கு மாலைக் கூட்டம் சுமை என்பது உண்மைதான். ஆனால் நாம் இல்லாத மேசையில் நம் பிள்ளைகளின் தேவைகளை வேறு எவரும் எடுத்துரைக்கப் போவதில்லை. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்கூட்டியே கேட்கலாம். அருகில் ஒருவரை அமர்த்தி உதவி பெறலாம். போட்டியிட விருப்பமில்லையென்றால் ஒரு கூட்டத்துக்கு வந்து கேட்டுவிட்டுப் போகலாம்.

பாடசாலையில் தொடர்ந்து தொண்டு செய்ய விரும்பும் பெற்றோரிடம் பொலிஸ் பின்னணிச் சான்று கேட்பார்கள். அது கிடைக்கச் சில வாரங்கள் ஆகக்கூடும் என்பதால், குளிர்கால நிகழ்வுகளில் உதவ எண்ணுவோர் ஒக்டோபர் முடிவதற்குள் விண்ணப்பித்துவிட வேண்டும்.

முடித்த மணித்தியாலங்களை எவ்வாறு பதிவது?

பணியிடத்தில் மேற்பார்த்தவரும், மாணவர் 18 வயதுக்குக் குறைந்தவராயின் பெற்றோரும் படிவத்தில் கையொப்பமிட வேண்டும். பின்னர் அது வழிகாட்டல் அலுவலகத்துக்குச் செல்லும். சில கல்விச் சபைகள் இணையவழியில் பதிகின்றன. 40 நிறைவுற்றதும் மாணவரின் அதிகாரபூர்வப் பெறுபேற்றுப் பத்திரத்தில் அது குறிக்கப்படும். ஒவ்வொரு பணியும் முடிந்த வாரத்திலேயே கையொப்பத்தைப் பெற்று, படிவத்தின் படமொன்றை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். மேற்பார்வையாளர் வேலை மாறிச் சென்றுவிட்டால் பின்னர் அவரைத் தேடிப் பிடிப்பது கடினம்.